விபிஎன் இருந்தால் திறக்கிறது, இல்லாவிட்டால் நிற்கிறது: அலுவலக லேப்டாப்பில் நடப்பது என்ன?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அலுவலக லேப்டாப்பை வீட்டு வைஃபையில் இணைத்துக் குரோமைத் திறந்தால் எந்தத் தளமும் வருவதில்லை. பிராக்ஸி சர்வருடன் இணைக்க முடியவில்லை என்ற அறிவிப்புதான் வருகிறது. அதே வைஃபையில் உங்கள் கைபேசி நன்றாக ஓடுகிறது. விபிஎன்னை இணைத்ததும் அலுவலகத் தளங்களும் கூகுளும் திறக்கின்றன. ஆனால் கட்டளை வழியே ஓடும் கிட், பிப் போன்ற நிரலாளர் கருவிகள் அப்போதும் அசையாமல் நிற்கின்றன. விபிஎன்னைத் துண்டித்தால் மறுபடி எல்லாம் நின்றுபோகிறது. விண்டோஸ் அமைப்புகளுக்குப் போய்ப் பிராக்ஸியை அணைத்துப் பார்த்தீர்கள். மறுநாள் காலையில் அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. கோளாறு விபிஎன்னிலா, பிராக்ஸியிலா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. ஆனால் ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. நிறுவனக் கணினிகளின் நெட்வொர்க் வேலையில் 14 வருடங்களாக இருக்கிறேன். இந்த வகைப் புகார்களில் பெரும்பாலானவை அந்த ஒரு காரணத்தில்தான் வந்து முடிகின்றன. அதனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்வதற்கு முன்னால், யார் எந்த இடத்தில் முடிவெடுக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். அது புரிந்தால் அடுத்த முறை வேறு வடிவத்தில் இதே கோளாறு வந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கடைக்குப் போக ஓர் ஆளை வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தச் சாமானை வாங்கி வா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அவர் போய் வாங்கி வருகிறார். கடைக்காரர் பார்ப்பது அவர் முகத்தைத்தான், நம்மை அல்ல. பிராக்ஸி அப்படிப்பட்ட ஆள். விபிஎன் வேறு. அது நம் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வளாகத்துக்கு உள்ளேயே போய் முடியும் ஒரு தனிப் பாதை. யார் நடந்தாலும், எதைச் சுமந்து போனாலும் அந்தப் பாதைக்கு ஒன்றுதான். உங்கள் சிக்கல் என்னவென்றால், கடைக்குப் போகும் அந்த ஆள் குடியிருப்பது அலுவலக வளாகத்துக்குள். பாதை போடாமல் அவரிடம் சீட்டைக் கொண்டுசேர்க்க முடியாது. பிரவுசரோ, பாதை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. சீட்டை அவரிடம்தான் கொடுப்பேன் என்று நிற்கிறது.

இதையே கணினியின் மொழியில் சொல்கிறேன். பிராக்ஸியைத் தேர்ந்தெடுப்பது புரோகிராம். குரோம், அவுட்லுக், கிட் ஒவ்வொன்றும் "இந்த முகவரிக்கு நேரே போவதா, பிராக்ஸியிடம் கேட்பதா" என்று தனித்தனியாக முடிவெடுக்கும். விபிஎன் பாதையைத் தேர்ந்தெடுப்பது இயங்குதளம். விபிஎன் கிளையன்ட், அதாவது விபிஎன்னை இணைக்கும் புரோகிராம், ஒரு மெய்நிகர் நெட்வொர்க் கார்டை உருவாக்கி, எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணையில் சில வரிகளைச் சேர்க்கிறது. அதன் பிறகு கணினியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டு) எந்த ஐபி முகவரிக்குப் போகிறது என்பதை மட்டும் பார்த்து, வீட்டு ரௌட்டர் வழியா டனல் (அந்த விபிஎன் பாதை) வழியா என்று விண்டோஸ் பிரித்து அனுப்புகிறது. முதலில் புரோகிராம் முடிவெடுக்கும். அதற்கு அடுத்துத்தான் இயங்குதளம். இந்த வரிசையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து பிறப்பவைதான்.

குரோமில் ஒரு முகவரியைத் தட்டியதும் அது விண்டோஸிடம் பிராக்ஸி அமைப்பு என்ன என்று கேட்கிறது. பதில் மூன்று விதமாக வரலாம். ஒன்று, சர்வர் பெயரும் போர்ட்டும், அதாவது அதன் வாசல் எண்ணும், நேரடியாக எழுதப்பட்டிருக்கும். 8080, 3128 போன்ற போர்ட்டுகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். இரண்டு, எதற்குப் பிராக்ஸி, எதற்கு நேர்வழி என்று சொல்லும் பாக் கோப்பு ஒன்றின் முகவரி இருக்கும். மூன்று, தானாகக் கண்டுபிடி என்ற அமைப்பு. இதில் கணினி, நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் 252ஆம் எண் விருப்பத்தைக் கேட்டும், பெயரை ஐபியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் டபிள்யூபேட் என்ற பெயரைத் தேடியும் பாக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தானே அறிந்துகொள்ள முயலும். மூன்றாவதை வெளியூருக்கு எடுத்துப் போகும் லேப்டாப்புகளில் அணைத்து வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முன்பின் தெரியாத வைஃபையில் அந்தக் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கிவந்த டபிள்யூபேட் பெயர்கள் வெளி இணையத்தின் டிஎன்எஸ்ஸுக்குக் கசிந்து, அங்கே அதே பெயரை வேறு யாரோ பதிவுசெய்துகொள்ளும் ஆபத்தைப் பற்றி அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புக் குழுவே 2016இல் எச்சரிக்கை வெளியிட்டது.

பாக் கோப்பு என்பது ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனம் 1996இல் தன் நேவிகேட்டர் 2.0 பிரவுசரில் கொண்டுவந்தது. இன்றுவரை அதே வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு ஃபங்ஷன்தான் முக்கியம். பிரவுசர் ஒவ்வொரு முகவரியையும் அதனிடம் கொடுக்கும். "நேரே போ" என்றோ "இன்ன பிராக்ஸியிடம் போ, அது கிடைக்காவிட்டால் அடுத்ததிடம் போ" என்றோ அது பதில் சொல்லும். எழுதுவதற்கு எளிது, தவறாக எழுதுவதற்கும் எளிது.

பிராக்ஸியிடம் போ என்ற பதில் வந்தால் பிரவுசர் பிராக்ஸியோடு டிசிபி இணைப்பு ஏற்படுத்தி, கனெக்ட் என்ற சொல்லுடன் தளத்தின் பெயரையும் 443 என்ற போர்ட்டையும் ஒரே வரியில் அனுப்புகிறது. பயனர் யார் என்று பிராக்ஸிக்குத் தெரியவில்லை என்றால் 407 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பும். பிரவுசர் உங்கள் விண்டோஸ் கணக்கின் கெர்பரோஸ் டிக்கெட்டை, அதாவது அடையாளச் சீட்டை, காட்டி மறுபடி கேட்கும். 200 என்று பதில் வந்ததும் அந்த இணைப்புக்குள்ளேயே டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பேச்சு தொடங்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலையைப் பிரவுசர் செய்யவில்லை. பிராக்ஸியின் பெயரை மட்டும்தான் அது டிஎன்எஸ்ஸில் தேடியது. தளத்தின் பெயரைத் தேடுவது பிராக்ஸியின் வேலை. அதனால்தான் சில அலுவலகங்களில் கருப்புக் கட்டளைத் திரையில், பெயர் தேடும் என்எஸ்லுக்அப் கட்டளையைப் போட்டால் வெளித்தளத்தின் பெயர் கிடைக்காது, ஆனால் பிரவுசரில் அதே தளம் உடனே திறக்கும். பலர் இதைக் கண்டு டிஎன்எஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து, நல்லபடியாக இருந்ததையும் மாற்றி வைத்துவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். விபிஎன் இல்லாதபோது எதுவுமே திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் அதில் பிராக்ஸி முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கும் ஒரு பெயர் அது. வீட்டிலிருந்து அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 10இல் தொடங்கும் ஐபியாக எழுதியிருந்தால் அங்கே போய்ச் சேர வழி கிடையாது. பிரவுசருக்கு மாற்று வழி எதுவும் சொல்லப்படாததால் அது நின்றுவிடுகிறது. இதுவே பாக் கோப்பு முறையாக இருந்து, கோப்பு அலுவலக உள்சர்வரில் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். கோப்பைப் பெற முடியாத பிரவுசர் பொதுவாகப் பிராக்ஸி இல்லை என்று எடுத்துக்கொண்டு நேரே போய்விடும். உங்கள் நண்பரின் அலுவலக லேப்டாப் விபிஎன் இல்லாமலும் வீட்டில் ஓடுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை நான் மறக்கவே முடியாதபடி கற்றுக்கொண்டது 2020 மார்ச்சில். 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தைய சில நாட்களில், நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் மேசைக் கணினிகளைக்கூட வண்டியில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பினோம். அவற்றில் எல்லாம் பிராக்ஸி முகவரி நேரடியாக எழுதப்பட்டிருந்தது. அலுவலகத்தை விட்டு அவை வெளியே போகும் என்று யாரும் நினைத்ததில்லை. முதல் நாள் காலையில் தொலைபேசி ஓயவில்லை. விபிஎன்னே இணையவில்லை என்றார்கள். காரணம், எங்கள் விபிஎன் கிளையன்ட், அலுவலக முனையில் விபிஎன்னை ஏற்கும் கேட்வேயைத் தொடர்புகொள்ளும்போது விண்டோஸின் பிராக்ஸி அமைப்பை மதித்து நடந்தது. கேட்வேக்குப் போக முதலில் பிராக்ஸியிடம் போனது. பிராக்ஸி அலுவலகத்துக்குள் இருந்தது. அங்கே போக விபிஎன் வேண்டும். விபிஎன் இணையப் பிராக்ஸி வேண்டும். திறவுகோலை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போலத்தான். ஒரு பெண் ஊழியர் வீட்டில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி அந்த அமைப்பை எடுத்துவிட்டார். விபிஎன் இணைந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தார்; இப்போது அலுவலகத் தளம் எதுவும் திறக்கவில்லை என்றார். பிராக்ஸியை எடுத்ததால் அந்தத் தளங்களுக்கான வழியும் போய்விட்டது. இரண்டு நிலைக்கும் பொருந்துகிற ஒரே அமைப்பு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விபிஎன் கிளையன்ட்டுகளைச் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். சிஸ்கோவின் எனிகனெக்டில், இப்போதைய பெயர் செக்யூர் கிளையன்ட், நிர்வாகி எழுதும் புரொஃபைலில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: கணினியின் பிராக்ஸியைப் பின்பற்றலாம், முழுவதும் புறக்கணிக்கலாம், அல்லது வேறு பிராக்ஸியைச் சொல்லலாம். வீட்டிலிருந்து மட்டுமே இணைபவர்களுக்குப் புறக்கணிப்பதுதான் சரி. பாக் கோப்பு வைத்திருப்பவர்கள் கேட்வேயின் பெயருக்கு "நேரே போ" என்ற வரியைக் கோப்பின் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். கூடவே அந்தக் கோப்பை விபிஎன் இல்லாமலே எட்டக்கூடிய இடத்தில், வெளியிலிருந்தும் கிடைக்கும் எச்டிடிபிஎஸ் முகவரியில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சர்வர் பெயர்கள் வெளியே தெரிந்துவிடுமே என்று பாதுகாப்புப் பிரிவினர் தயங்குவார்கள். அதில் நியாயம் உண்டு. அதற்காகவே கோப்பைச் சுருக்கமாக, தேவையான பெயர்களோடு மட்டும் எழுதச் சொல்கிறேன்.

விபிஎன் இணைந்த பிறகு நடப்பதுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. முழு டனல் என்றால் எல்லாப் பாக்கெட்டும் அலுவலகத்துக்குப் போகும். பிரிப்பு டனல் என்றால் அலுவலக முகவரிகளுக்கான பாக்கெட்டுகள் மட்டும் உள்ளே போகும். மற்றவை வீட்டு இணைப்பிலேயே வெளியேறும். ஐடி பிரிவில் பிரிப்பு டனல் போட்டுவிட்டோம் என்பார்கள். ஆனாலும் வீடியோ தளம் ஒன்றை வீட்டில் திறந்தால் அது தலைமை அலுவலகம் போய்த்தான் திரும்பி வரும். எப்படி? முடிவெடுக்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். பிரவுசர் முதலிலேயே பிராக்ஸியிடம் போவது என்று முடிவெடுத்துவிட்டது. எனவே கிளம்பும் பாக்கெட்டில் எழுதியிருப்பது வீடியோ தளத்தின் ஐபி அல்ல, பிராக்ஸியின் ஐபி. அது அலுவலக முகவரி. விண்டோஸ் அதை ஒழுங்காக டனலுக்குள் போடுகிறது. ரூட்டிங் அட்டவணையில் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் பயன் கிடையாது; பிரிக்க வேண்டிய இடம் பாக் கோப்பு. 2020இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபிஸ் 365 வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன வழியிலும் இதுதான் இருந்தது: தாமதம் தாங்காத குறிப்பிட்ட சில முகவரிகளை டனலிலிருந்தும் பிராக்ஸியிலிருந்தும் சேர்த்தே விலக்குங்கள் என்றார்கள். டீம்ஸ் அழைப்பின் குரலும் படமும், தொலைந்த பாக்கெட்டுக்குக் காத்திருக்காத யுடிபி முறையில், 3478 முதல் 3481 வரையுள்ள போர்ட்டுகளில் போகின்றன. யுடிபி போக வழி இல்லாவிட்டால் டீம்ஸ், தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபிக்கு இறங்கிவந்து, பிராக்ஸி வழியாகவும் போக முயலும். அழைப்பு இணையும், ஆனால் குரல் விட்டுவிட்டு வரும். வீட்டு இணையம் மோசம் என்று வீட்டுக்காரர்மேல் பழி விழும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாக் கோப்பு ஒரு தளத்துக்கு நேரே போ என்கிறது. அந்தத் தளத்தின் ஐபி டனல் பட்டியலில் இல்லை. பாக்கெட் வீட்டு இணைப்பிலிருந்து கிளம்பும். அந்தத் தளமோ அலுவலகத்தின் ஐபியிலிருந்து வருபவர்களை மட்டும் உள்ளே விடுவது என்று அமைக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வரும். சம்பளச் சீட்டுத் தளங்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் புகார் குவியும்.

பாக் கோப்பைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும்; இவற்றைத் தெரியாமல் நாள்கணக்கில் அலைந்திருக்கிறேன். கோப்புக்குள் கணினியின் சொந்த ஐபியைக் கேட்கும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. "10இல் தொடங்கினால் அலுவலகத்தில் இருக்கிறார், பிராக்ஸி கொடு, இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிறார், நேரே விடு" என்று எழுதுவதற்கு அது வசதியாகத் தெரியும். ஆனால் விபிஎன் இணைந்த கணினிக்கு இரண்டு ஐபிகள்: வைஃபை கொடுத்த 192.168.1.5 ஒன்று, டனல் கொடுத்த 10.20.30.40 ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபங்ஷன் ஏதோ ஒன்றைத்தான் சொல்லும். எதைச் சொல்லும் என்று நம்பி எழுத முடியாது. ஒரே அறையில் இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று ஓடி, மற்றது ஓடாமல் போவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இரண்டாவது, ஒரு பெயர் இன்ன ஐபி வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன். அதைக் கூப்பிட்டதும் கணினி அந்தப் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடத் தொடங்கும். வெளிப் பெயர்களைத் தேடித் தராத உள்டிஎன்எஸ் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொரு புதிய தளத்துக்கும் பதில் வராமல் காத்திருந்து, காலக்கெடு முடிந்த பிறகே பக்கம் வரத் தொடங்கும். ஓர் அலுவலகத்தில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று இணைப்பின் வேகத்தையே கூட்டி வாங்கினார்கள். ஒரு மாற்றமும் தெரியவில்லை. கோப்பில் பெயரை மட்டும் ஒப்பிடும் வரிகளை மேலே ஏற்றி, டிஎன்எஸ் தேடும் அந்த ஒரு வரியைக் கடைசிக்குத் தள்ளினேன். அன்று மாலையே புகார் நின்றது.

அடுத்து, விபிஎன் கிளையன்ட்டே பிராக்ஸி அமைப்பை மாற்றும் விஷயம். பல கிளையன்ட்டுகள் இணைந்ததும் கேட்வே சொல்லும் பாக் முகவரியையோ பிராக்ஸியையோ விண்டோஸில் எழுதிவிட்டு, பழையதைப் பத்திரப்படுத்தி வைத்து, துண்டிக்கும்போது திரும்ப வைக்கின்றன. ஒழுங்காகத் துண்டித்தால் நல்ல ஏற்பாடு. லேப்டாப்பை அப்படியே மூடிவிட்டாலோ, மின்கலம் தீர்ந்து அணைந்தாலோ, கிளையன்ட் இடையில் விழுந்துவிட்டாலோ, திரும்ப வைக்கும் வேலை நடக்காமல் போகலாம். அலுவலகப் பிராக்ஸி வீட்டிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஆகிவிட்டால் ஒருமுறை விபிஎன்னை இணைத்து, கிளையன்ட்டின் பொத்தானிலேயே முறையாகத் துண்டித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸில் உள்ளடங்கிய விபிஎன்னைப் பயன்படுத்தினால் இன்னொரு நுட்பம் இருக்கிறது: அந்த விபிஎன் இணைப்புக்கென்று தனியாக ஒரு பிராக்ஸி அமைப்பு உண்டு. அது இணைந்திருக்கும்போது வைஃபைக்கு எழுதிய பிராக்ஸி கணக்கில் வராது. வழக்கமான இடத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் எதுவும் ஓடாது.

நீங்கள் அணைத்த அமைப்பு மறுநாள் திரும்ப வந்ததற்குக் காரணம் குரூப் பாலிசி, அதாவது நிறுவனம் தன் கணினிகளுக்கு மையத்திலிருந்து விதிக்கும் அமைப்பு. டொமைன் சர்வரைத் தொட்டதும் நிறுவனம் எழுதியது மறுபடி பதியும். அதை முறியடிக்கும் வழிகள் இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். வேலை தொடர்பான ஒழுங்குமுறைச் சிக்கல் வரும் என்பது ஒருபுறம். மறுபுறம், பாதி விலக்கப்பட்ட அமைப்பில் வரும் கோளாறை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு உதவ வருபவர் தான் எழுதிய அமைப்பு அங்கே இருக்கிறது என்று நம்பித்தான் தேடத் தொடங்குவார்.

கிட்டும் பிப்பும் ஏன் ஓடவில்லை என்பதற்கு இப்போது நீங்களே பதில் சொல்லிவிடலாம். அவை விண்டோஸின் பிராக்ஸி அமைப்பைப் பார்த்துத்தான் நடக்கும் என்ற உறுதி கிடையாது. பாக் கோப்பு என்றால் கட்டளைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதைப் படிக்கவே தெரியாது. அவை பார்ப்பது எச்டிடிபி_பிராக்ஸி, எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி, நோ_பிராக்ஸி என்ற சூழல் மாறிகளை, அதாவது புரோகிராம்கள் படிப்பதற்காக இயங்குதளத்தில் பெயரிட்டு வைக்கும் மதிப்புகளை. அங்கே எதுவும் இல்லாவிட்டால் நேரே போக முயலும். அலுவலக ஃபயர்வால் அதை மறுக்கக்கூடச் செய்யாமல் விழுங்கிவிடும். கருவி தொங்கி நிற்கும். மாறிகளை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இணைய முகவரியிலிருந்து தரவை இறக்கும் கர்ல் போன்ற கருவி, எச்டிடிபி_பிராக்ஸி என்ற மாறியைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் மட்டுமே ஏற்கும். பெரிய எழுத்தில் எழுதிய அதே பெயரை, வெப் சர்வரில் ஓடும் புரோகிராம்களுக்கு வெளியாள் ஒருவரால் கோரிக்கையின் தலைப்பு வழியாகப் புகுத்த முடியும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. நோ_பிராக்ஸியில் உள்சர்வர்களின் பெயர் வால்களை (பெயரின் கடைசிப் பகுதியை) எழுத வேண்டும். நட்சத்திரக் குறி போடலாமா, ஐபி வரம்பு எழுதலாமா என்பது கருவிக்குக் கருவி மாறும்.

விண்டோஸுக்குள்ளேயே இரண்டு உலகங்கள் இருக்கின்றன. உள்நுழைந்த பயனருக்கான அமைப்பு வின்இநெட் என்ற பகுதியைச் சேர்ந்தது. பிரவுசர்கள் பார்ப்பது இதைத்தான். பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் பலவும் பார்ப்பது வின்எச்டிடிபி என்ற இன்னொன்றை. இரண்டும் தனித்தனி. பிரவுசர் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் அப்டேட் தோல்வியடைகிறது என்றால் அங்கே பாருங்கள். கட்டளைத் திரையில் நெட்ஷ் வின்எச்டிடிபி ஷோ பிராக்ஸி என்று தட்டினால் அங்கே எழுதியிருப்பது தெரியும். விபிஎன் கிளையன்ட்டின் பின்னணி சர்வீஸ் ஓர் உலகத்தையும் அதன் திரை இன்னோர் உலகத்தையும் பார்ப்பதும் உண்டு. அப்போது உள்நுழையும் பக்கம் திறக்கும், கடவுச்சொல்லை ஏற்கும், அதற்குப் பிறகு டனல் மட்டும் எழாது. பார்ப்பவர் கடவுச்சொல்லைச் சந்தேகிப்பார்.

சான்றிதழ் விஷயத்தையும் விட முடியாது. பல நிறுவனப் பிராக்ஸிகள் டிஎல்எஸ் இணைப்பைத் திறந்து சோதித்து, மறுபடி மூடி அனுப்புகின்றன. அதற்காக நிறுவனத்தின் சொந்த மூலச் சான்றிதழ் விண்டோஸின் நம்பகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கும். குரோம் அதை ஏற்றுக்கொள்ளும். பைத்தான், ஜாவா, நோட் போன்ற நிரல் சூழல்கள் வழக்கமாகத் தங்களோடு வந்த தனிப் பட்டியலையே பார்க்கும். அதனால் பிராக்ஸி முகவரியைச் சரியாக எழுதிய பிறகும் பிப்பின் பழைய பதிப்புகள் சான்றிதழ்ப் பிழை சொல்லும். சரிபார்ப்பையே அணைத்துவிடு என்று பலரும் அறிவுரை சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். நிறுவனச் சான்றிதழின் கோப்பை ஐடி பிரிவிடம் கேட்டு வாங்கி, அந்தக் கருவிக்கு அதன் பாதையைக் காட்டுங்கள்; பத்து நிமிட வேலைதான். விபிஎன் கேட்வேக்குப் போகும் இணைப்பை எந்தப் பிராக்ஸியும் இப்படித் திறக்கக் கூடாது. கிளையன்ட் தன் கேட்வேயின் சான்றிதழை எதிர்பார்த்து நிற்கும்போது வேறொன்று வந்தால் துண்டித்துக்கொள்ளும். அப்படித் துண்டிப்பதுதான் சரி.

வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து உங்கள் விபிஎன்னை இணைக்க வேண்டிவந்தால் நிலைமை தலைகீழ். அங்கே பிராக்ஸி உங்களுக்கும் கேட்வேக்கும் நடுவில் நிற்கிறது. ஐபிசெக் வகை விபிஎன் யுடிபி 500, 4500 போர்ட்டுகளைக் கேட்கும். வயர்கார்ட் என்ற விபிஎன் முழுக்க யுடிபி. வெப் பிராக்ஸி இவற்றைச் சுமக்காது. டிஎல்எஸ் அடிப்படையிலான விபிஎன் மட்டும்தான் கனெக்ட் வழியாக 443இல் நுழைந்து போகும். ஓபன்விபிஎன்னில் அதற்கு யுடிபியை விட்டு டிசிபிக்கு மாற வேண்டும். எனிகனெக்ட் வழக்கமாக வேகத்துக்காகத் திறக்கும் யுடிபி வழியும் அங்கே கிடைக்காது. டிசிபிக்குள் டிசிபி ஓடும் நிலை வந்து, வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் உள்ளடுக்கும் வெளியடுக்கும் தனித்தனியே மறுபடி அனுப்பத் தொடங்கும். இணையும், ஆனால் இழுக்கும். அங்கே கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்த இரு தரப்பிலும் அனுமதி கிடைத்தால் அதுவே நல்லது.

உங்கள் லேப்டாப்பில் இதை நீங்களே உறுதிசெய்யலாம். விபிஎன் இல்லாத நிலையில் விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியின் பிராக்ஸி பக்கத்தைத் திறந்து, எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் சர்வர் பெயரை என்எஸ்லுக்அப்பில் தேடுங்கள். கிடைக்காது என்பதே என் எதிர்பார்ப்பு. பிறகு விபிஎன்னை இணைத்து அதே பக்கத்தை மறுபடி படம் எடுங்கள். எழுதியிருப்பது மாறியிருந்தால் கிளையன்ட் மாற்றுகிறது. மாறாமல் இருந்து, பெயர் மட்டும் இப்போது தேடலில் கிடைத்தால் நான் மேலே சொன்ன நேரடி முகவரிக் கதைதான். அடுத்து கட்டளைத் திரையில் ரூட் பிரின்ட் என்று தட்டி, ரூட்டிங் அட்டவணையில் பிராக்ஸியின் ஐபி எந்த வழியில் போகிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டு ரௌட்டர் கொடுக்கும் ஐபி வரம்பும் அலுவலகத்தின் வரம்பும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம். ஒன்றாக இருந்தால் பாக்கெட் பிராக்ஸியைத் தேடி உங்கள் வரவேற்பறைக்குள்ளேயே சுற்றும். துண்டித்த பிறகோ இணைத்த பிறகோ குரோம் மட்டும் சற்று நேரம் பழைய முடிவிலேயே நின்றால் பயப்பட வேண்டாம். இணைக்க முடியாமல் போன பிராக்ஸியைக் குரோம் சில நிமிடங்களுக்கு மோசமானது என்று குறித்து வைக்கும். அதன் நெட்-இன்டர்னல்ஸ் பக்கத்தில், பிராக்ஸி என்ற பகுதியில், அந்தக் குறிப்பை அழிக்கவும் அமைப்பை மறுபடி படிக்கவும் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன.

இந்த இரண்டு படங்களையும் ரூட் பிரின்ட் வெளியீட்டையும் இணைத்து ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதுங்கள். "இணையம் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். "விபிஎன் இல்லாதபோது பிராக்ஸி இன்ன பெயருக்குப் போகிறது, அந்தப் பெயர் வெளியே கிடைப்பதில்லை, நேரடி முகவரிக்குப் பதில் வெளியிலிருந்தும் எட்டக்கூடிய பாக் கோப்பு கொடுக்க முடியுமா?" என்று எழுதுங்கள். விபிஎன் இல்லாமல் வெளித்தளங்களைத் திறக்கவே கூடாது என்பது உங்கள் நிறுவனத்தின் முடிவாகவும் இருக்கலாம். சில இடங்களில் தெரிந்தே அப்படி வைக்கிறார்கள். அப்படியென்றால் அதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள், பிரவுசர் நிற்பதைக் கோளாறு என்று நினைத்து நீங்கள் இன்னும் ஒரு வாரம் தேட வேண்டியதில்லை. கிட், பிப் இரண்டுக்கும் சூழல் மாறிகளில் எழுத வேண்டிய பிராக்ஸி முகவரியையும் சான்றிதழ்க் கோப்பையும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.